பேஸ் குமிழைக் கொஞ்ச நேரம் சும்மா விடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: இசைக்கருவிப் பக்கம்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பேஸ் கிட்டார்காரர்களுடையவை. கல்யாணக் காலம் தொடங்குகிறது என்று இதிலேயே தெரிகிறது. கல்லடியில் என் திருத்து மேசை மேல் வயிறு திறந்து கிடக்கும் அம்புகளும் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் அம்ப்ளிபயர்கள்) அதைத்தான் சொல்கின்றன. ஒரு வேண்டுகோள்: அம்பின் மாதிரியையும் அதிலுள்ள குமிழ்களின் பெயர்களையும் (பேஸ் தாழ்ந்த ஒலிக்கு, மிட் நடு ஒலிக்கு, ட்ரெபிள் உயர்ந்த ஒலிக்கு) எழுதி அனுப்புங்கள். "கறுப்பு அம்ப், பெரிசு" என்று மட்டும் எழுதினால் நான் சாத்திரம்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: என்னிடம் பத்து அங்குல ஸ்பீக்கர் போட்ட நூறு வாட்ஸ் கொம்போ அம்ப் இருக்கிறது. வீட்டில் பேஸை முழுதாகக் கூட்டி, மிட்டை நன்றாகக் குறைத்து, ட்ரெபிளைப் பாதியில் வைத்தால் அருமையாக இருக்கிறது. மண்டபத்தில் அதே மாதிரி வைத்தால் "உம்" என்று ஒரு இரைச்சல்தான். நான் என்ன வாசிக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. பாடகர் திரும்பித் திரும்பிப் பார்த்து "பேஸைக் கூட்டு" என்கிறார். கூட்டினால் சிவப்பு லைட் எரிகிறது. பெரிய அம்ப் வாங்கத்தான் வேண்டுமா ஐயா?
– இசைக்குழுவில் வாசிக்கும் இளைஞர், கல்முனை

பதில்: வாங்க வேண்டாம் தம்பி. அந்தக் காசை வைத்து நல்ல தந்தி இரண்டு செட் வாங்குங்கள், மிச்சத்தை வீட்டில் கொடுங்கள். உங்களிடம் இருக்கிற அம்ப் சின்ன மண்டபத்துக்குப் போதும், பெரிய மண்டபத்துக்குச் சவுண்ட்காரரின் மிக்சர் இருக்கிறது. பிழை குமிழ்களில்தான், அதுவும் மூன்று குமிழிலும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். உங்கள் ஈ தந்தியைத் திறந்து அடித்தால் வருவது 41 ஹேர்ட்ஸ், அதாவது ஒரு விநாடிக்கு 41 அதிர்வு. ஏ 55, டி 73, ஜி 98. பேஸ் குமிழ் தூக்குவதும் ஏறக்குறைய இந்தப் பகுதியைத்தான். ஆனால் பத்து அங்குல ஸ்பீக்கர் போட்ட சின்னப் பெட்டியால் அந்த 41ஐ உருப்படியாக வெளியே தள்ள முடியாது. அப்படியானால் ஈ சுரம் எப்படிக் கேட்கிறது? 82, 123, 164 என்று அதன் மேல் அடுக்கடுக்காக வரும் அதிர்வுகளைக் காது பிடித்து, அடியில் இல்லாத சுரத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. கைத்தொலைபேசியில் பாட்டுக் கேட்கும்போது பேஸ் ஓடுவது விளங்குகிறதல்லவா? அந்தக் குட்டி ஸ்பீக்கரில் 41உம் இல்லை, 82உம் இல்லை. எல்லாம் காது செய்கிற வேலை. அந்த அடுக்குகள் எங்கே இருக்கின்றன? நீங்கள் "நன்றாகக் குறைத்த" மிட்டில்.

பிறகு ஏன் வீட்டில் அருமையாகக் கேட்டது என்று கேட்பீர்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காதுக்குத் தாழ்ந்த ஒலி சரியாகப் பிடிபடாது. 1933இலேயே பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதை அளந்து கோடு கீறிக் காட்டிவிட்டார்கள். அறையில் மெதுவாக வாசிக்கும்போது குறைகிற பேஸை நீங்கள் குமிழால் ஈடு கட்டுகிறீர்கள். மண்டபத்தில் வொலியூம் ஏறியதும் காது தானாகவே பேஸைக் கூடுதலாகக் கேட்கத் தொடங்கும். குமிழோ இன்னும் முழுதாகத்தான் நிற்கிறது. அதற்கு மேலே ட்ரம்ஸின் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) ஒக்டபாட்டும் (எலக்ட்ரோனிக் ட்ரம் பலகை) ஐம்பது, அறுபது, எழுபது என்று அதே இடத்தில் இடிக்கின்றன. எது கிக், எது நீங்கள் என்று பிரித்துக் காட்ட இருந்த ஒரே பகுதியை வீட்டிலேயே வெட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

சிவப்பு லைட்டுக்கும் இதுவே காரணம். ஒரு பகுதியைப் பத்து டெசிபெல் தூக்கினால் அந்தப் பகுதிக்கு அம்ப் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். நூறு வாட்ஸில் அதற்கு எங்கே போவது? நீங்கள் கேட்காத 41 ஹேர்ட்ஸுக்கே அம்ப் தன் பலத்தையெல்லாம் கொட்டிக்கொண்டு நிற்கிறது.

இனிச் செய்ய வேண்டியது. குமிழின் கோட்டை மணிக்கூட்டு முள்ளாக நினைத்து மூன்று குமிழ்களையும் 12 மணிக்குக் கொண்டுவாருங்கள். பேஸை அதிலிருந்து ஒரு மணி அளவு குறையுங்கள். மிட்டை ஒன்று, ஒன்றரைக்கு ஏற்றுங்கள். ட்ரெபிள் அப்படியே நிற்கட்டும். தனியாக வாசித்தால் இது அசிங்கமாக இருக்கும், மூக்கால் பேசுவதுபோலக் கேட்கும். இருக்கட்டும். தனியாக வாசித்துக் குமிழ் திருப்புவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். குழு முழுவதும் வாசிக்கிற ஒரு பாட்டைப் போட்டு, அதற்குள் நின்று திருப்புங்கள். பாடகர் "பேஸைக் கூட்டு" என்றால் கை மிட்டுக்குப் போகட்டும். அவருக்கு வேண்டியது உங்கள் சுரம் கேட்பது; அது எந்தக் குமிழால் வருகிறது என்பது அவர் கவலை இல்லை.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டீர்கள், நானே சொல்கிறேன். உங்கள் கீபோர்ட்காரர் ஸ்டைல் (கீபோர்டிலேயே பதிந்திருக்கும் பின்னணி வாசிப்பு) போட்டு வாசிக்கிறவரா? நம் பக்கத்துக் கல்யாணக் குழுக்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். அந்த ஸ்டைலுக்குள்ளேயே ஒரு பேஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் கோர்ட் பிடிக்க, பெட்டிக்குள் இருக்கிற பேஸ்காரர் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். இரண்டு பேரும் ஒரே சுரத்தில் இம்மியளவு முன்பின்னாக அடித்தால் "உம்" என்ற இரைச்சல்தான் மிச்சம். எந்த அம்பாலும் இதைத் திருத்த முடியாது. கீபோர்டில் ஸ்டைலின் பகுதிகளைத் தனித்தனியே நிறுத்த வழி இருக்கிறது. பேஸை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். சொல்வதற்குக் கொஞ்சம் துணிவு வேண்டும், கீபோர்ட்காரர்கள்தான் பல குழுக்களில் முதலாளி. ஒத்திகையில் ஒரு பாட்டை நிறுத்தாமல் ஒருதரம், நிறுத்தி ஒருதரம் வாசித்துக் காட்டினால் அவரே ஒத்துக்கொள்வார்.

கடைசியாக, அம்ப் எங்கே நிற்கிறது? காலடியில் என்றால் மிட்டும் ட்ரெபிளும் உங்கள் முழங்காலுக்குத்தான் போகின்றன. தாழ்ந்த ஒலி எல்லாப் பக்கமும் பரவும். ஒலி உயர்ந்ததாக ஆக ஆக நேர்கோட்டில்தான் பாயும். ஒரு சோடாப் பெட்டியின் மேல் தூக்கி வையுங்கள், அல்லது பின்னே சாய்த்து முகம் உங்கள் காதைப் பார்க்க வையுங்கள். பிளாஸ்டிக் கதிரையில் வைக்காதீர்கள், அதுவும் சேர்ந்து நடுங்கும்.

கேள்வி: எல்லாக் குமிழையும் நடுவில் வைத்தால் "பிளாட்" (எந்த ஒலியும் கூடாமல் குறையாமல்) என்கிறார்கள். என்னிடம் இருக்கும் பழைய வால்வு அம்பில் நடுவில் வைத்தால் மிட் குழி விழுந்தமாதிரி இருக்கிறது. அம்ப் பழுதா?
– வாழைச்சேனை வாசகர்

பதில்: பழுதில்லை. பீட்டர் பக்சன்டோல் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1952இல் வெளியிட்ட ஒரு மின்சுற்று இருக்கிறது. அந்த வகை அம்பில் நடு என்றால் உண்மையிலேயே நடு: ஒரு பக்கம் திருப்பினால் கூடும், மற்றப் பக்கம் திருப்பினால் குறையும். ஃபெண்டர் கம்பனி அம்ப் வகைச் சுற்று அப்படியல்ல. அதில் மூன்று குமிழும் ஒன்றையொன்று இழுக்கும், எதுவும் எதையும் உண்மையில் கூட்டாது, குறைக்கிற அளவைத்தான் மாற்றும். அதில் ஏறக்குறைய பிளாட் வேண்டுமென்றால் பேஸையும் ட்ரெபிளையும் 2க்குக் கிட்ட இறக்கி, மிட்டை 10 வரை கொண்டுபோக வேண்டும். பார்ப்பவர்கள் உங்களுக்குக் கிறுக்கு என்பார்கள். எண்களைப் பார்க்காமல் காதால் திருப்புங்கள்.

கேள்வி: என் அம்பில் மிட்டுக்கு இரண்டு குமிழ். ஒன்று கூட்டிக் குறைக்க, மற்றதில் 200 முதல் 3000 வரை எண்கள். இரண்டாவதை நான் தொடுவதே இல்லை. எப்படிப் பாவிப்பது?
– பல்கலைக்கழக மாணவி, வந்தாறுமூலை

பதில்: உங்கள் அம்பிலேயே விலையுயர்ந்த குமிழ் அதுதான் மகள், தொடாமல் விடாதீர்கள். முதற்குமிழ் எவ்வளவு என்று கேட்கிறது, இரண்டாவது எங்கே, அதாவது எத்தனை ஹேர்ட்ஸில், என்று கேட்கிறது. கண்டுபிடிக்க ஒரு வழி: முதற்குமிழை நன்றாகக் கூட்டிவிட்டு, ஒரே சுரத்தை அடித்துக்கொண்டே இரண்டாவதை மெல்ல மெல்ல இடமிருந்து வலம் திருப்புங்கள். ஓரிடத்தில் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் அடைத்துக் கேட்கும். அங்கே நிறுத்தி, முதற்குமிழை நடுவுக்குக் கீழே இறக்கிவிடுங்கள். கெட்டதைத் தேடிப் பிடித்து வெட்டுவது, நல்லதைத் தேடிக் கூட்டுவதைவிடச் சுலபம், அம்புக்கும் பாரமில்லை.

எங்கே என்ன இருக்கும் என்று கேட்டால், 200 – 300இல் உடம்பும் இருக்கிறது, சேறும் இருக்கிறது. கூடினால் கீபோர்டின் இடக்கையோடு குழம்பும். 800 – 1000இல்தான் விரல் தந்தியைப் பிடித்து விடும் அந்த உறுமல் இருக்கிறது. 2000க்கு மேலே தந்தி பிரெட்டில் (கிட்டார் கழுத்திலுள்ள உலோகக் கட்டை) தட்டும் சத்தம். 1969இல் வந்த அம்பெக் எஸ்.வி.டி. அம்பில் மிட்டுக்குக் கொடுத்த சுவிட்ச் 220, 800, 3000 என்றுதான் நிற்கும். அந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் வழி தவறாது. குழு அடர்த்தியாக வாசிக்கும்போது நான் 800ஐத்தான் கொஞ்சம் தூக்குவேன்.

கேள்வி: எங்கள் தேவாலயத்தில் பாடகர் குழுவோடு வாசிக்கிறேன். ஏ சுரம் வரும்போது மட்டும் யன்னல் கண்ணாடி நடுங்குகிறது. மற்றச் சுரங்கள் ஒழுங்கு. கிட்டாரிலா அம்பிலா பிழை? பேஸைக் குறைத்தால் மற்றச் சுரங்களும் மெலிந்துபோகின்றன.
– புளியந்தீவு வாசகி

பதில்: இரண்டிலும் இல்லை, கட்டடத்தில். ஏ தந்தி 55 ஹேர்ட்ஸ், அதன் அலை ஒன்றின் நீளம் ஆறு மீற்றர் சொச்சம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அந்த நீளமோ, அதில் பாதியோ இருந்தால் அந்தச் சுரம் அங்கேயே நின்று வீங்கும். பாடகர்கள் நிற்கிற மேடைப் பகுதியை ஒருமுறை அளந்து பாருங்கள்.

இப்போது அம்ப் எங்கே வைத்திருக்கிறீர்கள்? மூலையில் என்று பந்தயம் கட்டுவேன். யாருக்கும் இடைஞ்சலில்லாமல் அங்கேதான் வைக்க விடுவார்கள். சுவரோடு வைத்தால் பேஸ் கூடும், இரண்டு சுவர் சேரும் மூலையில் இன்னும் கூடும். மூலையை விட்டு வெளியே எடுங்கள். இருபுறச் சுவருக்கும் சரிநடுவில் வைக்காமல் ஒரு பக்கமாகத் தள்ளி வையுங்கள். அரை மீற்றர் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். ஒருவரை ஏ சுரத்தை அடித்துக்கொண்டே இருக்கச் சொல்லி, நீங்கள் இருக்கைகளுக்கு நடுவே நடந்து கேளுங்கள். ஓரிடத்தில் இடிக்கும், இரண்டு எட்டு வைத்தால் காணாமலே போகும். குமிழால் தீர்வதில்லை என்று அப்போது விளங்கும்.

அம்பில் கிராபிக் ஈக்குவலைசர் (ஒவ்வொரு ஒலிப் பகுதிக்கும் தனித்தனிக் கட்டை) இருந்தால் 50 அல்லது 60 என்று போட்ட கட்டையை மட்டும் சற்று இறக்குங்கள், பேஸ் குமிழைத் தொட வேண்டாம். அதுவும் இல்லையென்றால் பாட்டில் அந்த ஏ வரும் இடத்தில் ஈ தந்தியின் ஐந்தாம் பிரெட்டில் அடித்து, உள்ளங்கையின் ஓரத்தைத் தந்தியில் இலேசாகப் பட விடுங்கள். சுரம் அதேதான், நீளம் குறையும், கண்ணாடிக்கு நடுங்க நேரம் கிடைக்காது.

கேள்வி: சவுண்ட் பார்க்கிற காக்காவிடம் (அண்ணனிடம்) அம்பிலிருந்து ஒரு வயர் கொடுக்கிறேன். நான் குமிழை எவ்வளவு திருப்பினாலும் சனத்துக்குக் கேட்கிற சத்தம் மாறுவதில்லை என்கிறார்கள். ஏன்?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: அந்த வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பிரீ, போஸ்ட் என்று எழுதியிருப்பார்கள். பிரீயில் இருந்தால் குமிழ்களுக்கு முன்னாலேயே சத்தம் மிக்சருக்குப் போய்விடுகிறது, நீங்கள் திருப்புவதெல்லாம் உங்கள் காதுக்கு மட்டும். போஸ்டில் வைத்தால் திருப்புவது எல்லாம் வெளியே போகும். எது நல்லது? காக்கா வேலை தெரிந்தவர் என்றால் பிரீயிலேயே விட்டுவிடுங்கள். மேடையில் நின்று திருப்புகிற உங்களுக்கு மண்டபத்தின் பின்வரிசையில் எப்படிக் கேட்கிறது என்று தெரியாது, அவருக்குத் தெரியும்.

கேள்வி: பைலாவுக்கு என்ன செட்டிங்?
– மட்டக்களப்பு நகரிலிருந்து ஒருவர் (கடிதம் முழுவதும் இவ்வளவுதான்)

பதில்: பைலா ஆட்டப்பாட்டுக்கு முதலில் கை, பிறகுதான் குமிழ். ஆறுக்கு எட்டுத் தாளத்தில் சுரங்களுக்கு இடையில் இருக்கிற வெளிதான் ஆட வைக்கிறது. ஒரு சுரம் அடுத்ததன் மேல் வழிந்தால் ஆட்டம் சேற்றில் காலை வைத்ததுபோல் ஆகிவிடும். இடக்கை விரலைத் தந்தியிலிருந்து முழுதாக எடுக்காமல் இலேசாகத் தளர்த்தி, சுரத்தைச் சட்டென்று நிறுத்தப் பழகுங்கள். அதன் பிறகு பேஸை 11 மணிக்கு, மிட்டை 1க்கு, ட்ரெபிளை 10க்கு வையுங்கள். கிட்டாரில் இருக்கிற டோன் குமிழைப் பாதிக்குக் குறையுங்கள். அது பற்றரி இல்லாத பசிவ் கிட்டார் என்றால் அந்தக் குமிழுக்கு உயர்ந்த ஒலியைக் குறைக்க மட்டும்தான் தெரியும், எதையும் கூட்டாது. முழுதாகத் திறந்து வைத்துத் தொடங்கி, தேவைக்குக் குறைத்துக்கொண்டு போவதுதான் முறை.

நம் ஊர்ப் பறங்கியர் வீட்டுக் கல்யாணத்தில் கஃப்ரிஞ்ஞா ஆட்ட இசை கேட்டிருப்பீர்கள். வயலினும் ரபான் என்ற கைமேளமும்தான் முன்னுக்கு நிற்கும், பேஸ் அம்ப் என்று ஒன்று அந்தப் பழைய வாசிப்பில் இல்லவே இல்லை. ஆனாலும் கிழவிகள்கூடக் கதிரையில் இருக்கமாட்டார்கள். அந்த ரபான் அடியை உற்றுக் கேட்டு, அது விடுகிற இடத்தில் நீங்களும் விடுங்கள்.

கேள்வி: கோயில் திருவிழா மேடையில் வாசிக்கும்போது அம்ப் "ங்ங்" என்று இரைகிறது. ட்ரெபிளைக் குறைத்தாலும் போகவில்லை. பிளக்கின் எர்த் முனையைக் கழற்றிவிட்டால் நிற்கும் என்கிறான் நண்பன்.
– திருக்கோவில் வாசகர்

பதில்: மனே, அதை மட்டும் செய்யாதே! இரைச்சல் நிற்கும். அம்புக்குள் ஏதாவது கோளாறு வந்து உலோகப் பகுதியில் கரண்ட் ஏறினால் அது போக வழியில்லாமல் தந்தியில் கை வைத்திருக்கிற உன் வழியாகப் போகும். அதுவும் வெறுங்காலோடு, ஈரமான கோயில் வீதியில்.

நம் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். அதிலிருந்து வருகிற இரைச்சல் 50இலும் 100இலும் நிற்கும். உன் ஜி தந்தி 98. அதாவது இரைச்சல் உன் வாசிப்புக்கு நடுவிலேயே குந்தியிருக்கிறது. ட்ரெபிளால் அதைத் தொடக்கூட முடியாது. பேஸால் வெட்டினால் நீயும் சேர்ந்து போவாய். அதனால் குமிழை மறந்துவிடு. ஜாஸ் பேஸ் வகைக் கிட்டார் என்றால் இரண்டு பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பகுதி) வொலியூமையும் ஒரே அளவில் முழுதாக வை. இரண்டும் ஒன்றின் இரைச்சலை ஒன்று அடிக்கும். ஒன்றைக் குறைத்தால் இரைச்சல் வரும். பிரிசிஷன் வகை என்றால் 1957க்குப் பிறகு வந்த பிளந்த பிக்கப்பில் அந்த வேலை உள்ளேயே நடக்கிறது. அதிலும் இரைந்தால் வயரையும் ஜாக்கையும் பார். மேடையின் அலங்கார லைட்டுகளுக்குப் போகிற வயர் உன் கிட்டார் வயரோடு பக்கத்துப் பக்கமாக ஓடுகிறதா என்று பார். ஓடினால் பிரி, முடியாவிட்டால் குறுக்கே வெட்டிப் போக விடு. அம்பையும் மிக்சரையும் ஒரே இடத்துக் கரண்டில் செருகு. அம்பில் மிக்சருக்கு வயர் போகும் டி.ஐ. இடத்தில் கிரவுண்ட் லிப்ட் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைத் தட்டிப் பார்க்கலாம், அது ஆபத்தில்லை. அது வேறு, பிளக்கின் எர்த் வேறு.

கேள்வி: குமிழைத் திருப்பும்போது கரகர என்கிறது. திறந்து சுத்தம் செய்யலாமா?
– பொத்துவில் வாசகர்

பதில்: கடற்கரையில் இருக்கிறீர்கள், உப்புக்காற்று குமிழுக்குள்ளும் போகும், தந்தியையும் தின்னும். அம்பை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, முதலில் ஒவ்வொரு குமிழையும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பலதரம் திருப்பிப் பாருங்கள். பாதிக் கரகரப்பு அதிலேயே போகும். போகாவிட்டால் எலக்ட்ரோனிக் பொருட்களுக்கென்று விற்கிற கொன்டக்ட் கிளீனர் வாங்குங்கள். கதவுப் பிணைச்சலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், தூசி அதில் போய் ஒட்டிக்கொள்ளும். அம்ப் வால்வு வகை என்றால் நீங்கள் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும். கொண்டுவந்து தாருங்கள்.

சுத்தம் செய்த பிறகும் ஒரு குமிழ் மட்டும் கரகரத்தால் அது தூசியாக இராது, அதற்கு முன்னாலுள்ள கப்பாசிற்றர் கசியக்கூடும். சின்னச் சாமான், மாற்றிவிடலாம்.

கேள்வி: பேஸ் கிட்டாரை லீட் கிட்டார் அம்பில் போட்டு வாசிக்கலாமா?
– களுவாஞ்சிக்குடி வாசகர்

பதில்: வீட்டில் மெதுவாக, பேஸ் குமிழை முக்கால்வாசி இறக்கி, வாசிக்கலாம். ஸ்பீக்கர் "பட பட" என்று அடித்தால் உடனே நிறுத்துங்கள், அதன் கோன் (கூம்பு) கிழியப் போகிறது. மேடைக்கு வேண்டாம்.

கேள்வி: அக்டிவ் பேஸ் ஒன்று வாங்கினேன். ஒரு மாதத்தில் சத்தம் கரகரத்து மெலிந்துவிட்டது. அம்பில் எல்லாக் குமிழையும் மாற்றிப் பார்த்துவிட்டேன்.
– ஏறாவூர் வாசகர்

பதில்: கிட்டாரின் பின்பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். உள்ளே 9 வோல்ட் பற்றரி. மாற்றுங்கள். வாசித்து முடிந்ததும் ஜாக்கைக் கிட்டாரிலிருந்து கழற்றுங்கள். செருகியிருக்கும் வரை பற்றரி ஓடிக்கொண்டே இருக்கும்.